அந்தரங்கம்

'உள்' எனப் பொருள்படும் 'அந்தர்', 'உறுப்பு, பகுதி' எனப் பொருள்படும் 'அங்கம்' என்னும் இரு வடசொற்கள் இணைந்து தமிழில் வழங்குவது அந்தரங்கம். இதன் மறுதலையான பகிரங்கம், 'வெளியே' எனப் பொருள்படும் 'பஹிர்' என்பதோடு அதே அங்கம் சேர்ந்து பிறந்ததாகும். உட்பகுதி என்றிருந்த பொருள், ஒருவர் தம்முள் வைத்துக்கொள்ளும் செய்தி என விரிந்தது. மருத்துவர்முன் உடலும் செய்தியும் ஒருங்கே திறக்கப்படுவதால், மருத்துவத் துறையில் இச்சொல்லின் இரு பொருள்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. இரகசியம் இதனின் வேறானது: தனிமையைக் குறிக்கும் 'ரஹஸ்' அடியாகப் பிறந்த அச்சொல் பிறர் அறியாதபடி மறைக்கப்படுவதைச் சுட்ட, அந்தரங்கமோ உரியவர் இசைவுடன் சிலரிடம் பகிரப்பட்ட பின்னரும் அந்தரங்கமாகவே நிற்கிறது.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்கநெறி விதிகள், நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ நேரக்கூடிய பெருங்கேடு, அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய் ஆகிய சூழல்களிலன்றி, நோயாளி கூறியவற்றை மருத்துவர் வெளியிடலாகாது என்கின்றன. புறநோயாளர் வரிசையில் பெயரோடு நோயையும் உரக்கக் கூவும் வழக்கம், எத்தனை இயல்பாகத் தோன்றினும், இந்நெறிக்கு முரணானதே. எச்.ஐ.வி. தொற்றுடையோரைப் பொறுத்தவரை, சட்டம் விலக்களித்த சூழல்கள் நீங்கலாக, விவரமறிந்து அவர்கள் அளிக்கும் ஒப்புதலின்றி அத்தகவலை வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.