போர்த்தும் சொல், மறைக்கும் சொல்

புற்றுநோய் வார்டில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரிடம், “பேலியேட்டிவ் டீமும் வந்து பார்ப்பாங்க” என்று சொல்லிப் பாருங்கள். “அப்போ கைவிரிச்சிட்டீங்களா, டாக்டர்?” என்று கேட்கத் தோன்றாதவர்கள் குறைவு. ஒரு சிகிச்சையின் பெயருக்கு இப்படியொரு நிழல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘பல்லியம்’ என்றால் மேலே சுற்றிக்கொள்ளும் போர்வை போன்ற அங்கி. ‘போர்த்து’ என்னும் வினை அதிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த வினை இரட்டைப் பொருளில் வழங்கியது. நோயின் கடுமையைக் குறைப்பதும் ‘பேலியேட்’. குற்றத்தைப் பூசி மெழுகுவதும் ‘பேலியேட்’. வேரைத் தொடாமல் மேலுக்குச் செய்யும் வைத்தியம் என்ற இளக்காரம் அப்போதே சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லைச் சிகிச்சையின் பெயராகத் தேடி எடுத்தவர் கனடாவின் மருத்துவர் பால்ஃபர் மவுண்ட். சாவை நெருங்கும் நோயாளிகளுக்காக சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைப் பார்த்துவிட்டு வந்து, மாண்ட்ரியாலில் அப்படியொரு பிரிவைத் தொடங்க நினைத்தார். ‘ஹாஸ்பிஸ்’ விருந்தோம்பலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. ஹாஸ்பிடல், ஹோட்டல் எல்லாம் அதன் உறவுதான். ஆனால் மாண்ட்ரியாலில் பலரும் பேசுவது பிரெஞ்சு. அம்மொழியில் ‘ஹாஸ்பிஸ்’ நாதியற்ற முதியவர்கள் ஒதுங்கும் இல்லத்தை நினைவூட்டும். எனவே 1974-இல் ‘பேலியேட்டிவ் கேர்’ என்ற பெயரைத் தேர்ந்தார்; 1975-இல் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பிரிவு திறந்தது.

இரண்டு பெயருமே பெரியவர்களுக்காகப் பிறந்தவை. குழந்தைகளுக்கான முதல் ஹாஸ்பிஸ் 1982-இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியபோது அதன் பெயர் ‘ஹெலன் ஹவுஸ்’. மூளைக் கட்டியால் முடங்கிய ஒரு சிறுமியின் பெயர் அது. நிறுவிய கன்னியாஸ்திரீ ஃபிரான்சஸ் டொமினிக்கா அந்தக் குடும்பத்துக்குத் தோழி. எட்டே படுக்கையறைகள். தசைச்சிதைவு நோயோ பிறவி வளர்சிதைக் கோளாறோ உள்ள பிள்ளைகள் பல ஆண்டுகள் வாழ்வார்கள். அவர்கள் சில நாள் வந்து தங்குவார்கள், பெற்றோர் கண்ணயர்வார்கள், பிறகு வீடு திரும்பிவிட்டு மறுபடி வருவார்கள். போய்வரும் இடத்துக்கு ‘வீடு’ என்ற பெயர் பொருந்தியது.

1998-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கெனத் தனி வரையறையே எழுதியது. நோய் கண்டறிந்த அன்றே இந்தக் கவனிப்பு தொடங்க வேண்டும். நோயை எதிர்க்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். உடலோடு மனத்தையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது அது.

நடைமுறையில் இதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். வலியை எண்ணால் சொல்லத் தெரியாத பிள்ளையிடம், சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டையை நீட்டி, “இதுல உன் மூஞ்சி எது, கண்ணு?” என்று கேட்பார்கள். மார்ஃபின் திரவத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறம் மெல்ல விடுவதற்கு அம்மாவைப் பழக்குவார்கள். அந்த மருந்து மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து எழுதுவார்கள்.

இருந்தும் பெயரின் நிழல் விலகவில்லை. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மருத்துவர்களே ‘பேலியேட்டிவ்’ என்று சொல்லித் தங்கள் நோயாளிகளை அனுப்பத் தயங்கினர். 2007-இல் அங்கே பெயரை ‘சப்போர்ட்டிவ் கேர்’ என்று மாற்றினார்கள். மருந்து அதேதான், ஆனால் நோயாளிகள் முன்பைவிடச் சீக்கிரமே வரத் தொடங்கினார்கள். நம் பக்கம், டாக்டர் ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அமைப்போ ‘பேலியம் இந்தியா’ என்று அந்தப் பழைய போர்வையையே பெயராக்கிக்கொண்டது. மலையாளிகள் பொதுவாகச் சொல்வது ‘சாந்த்வனம்’, அதாவது ஆறுதல்.

தமிழில் ‘நோய் ஆதரவு’, ‘வலி நிவாரணம்’, ‘நோய் தணிப்பு’ என்று பல பெயர்கள் புழங்குகின்றன. என் ஓட்டு ‘தணிப்பு’க்கே. பசி தணியும், சினம் தணியும், காய்ச்சல் தணியும். மூடி மறைக்கும் வாடை இந்தச் சொல்லில் இல்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவன் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது ஆளும் வினையும் இதுதான். பரிமேலழகர் அதற்குத் தீர்த்தல் என்றே உரை காண்கிறார். குணப்படுத்துவதும் இதமளிப்பதும் அந்தச் சொல்லுக்குள் பிரியாமல் இருந்திருக்கின்றன.

குழந்தைகளுக்கு வேண்டியதும் அந்தப் பிரியாத பொருள்தான். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். வாய்ப்புண், வாந்தி, ஊசி பயம், தவறிப்போன பள்ளி நாட்கள் எல்லாம் முதல் வாரத்திலிருந்தே கூட வரும். நல்ல சிகிச்சை கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தும் விடுகிறார்கள். இவற்றைத் தணிக்கும் கவனிப்புக்குப்போய் ‘இறுதிக்காலச் சிகிச்சை’ என்று எழுதுவது தவறு. குணமாகி எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையும் தணிப்புச் சிகிச்சை பெற்ற பிள்ளையாக இருக்கலாம். வைக்கிற பெயர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.