மழலையருக்கான உரிமைக் கல்வி

மழலையருக்கான உரிமைக் கல்வி என்பது முன்பள்ளி, தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அவர்களின் அடிப்படை உரிமைகளை அறிமுகப்படுத்தும் கல்வி ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத வயது என்பதால் இக்கல்வி கதை, படம், விளையாட்டு ஆகியவற்றையும், பெரியவர்கள் குழந்தையை அன்றாடம் நடத்தும் முறையையும் சார்ந்துள்ளது.

பின்னணி

1924 ஆம் ஆண்டின் செனீவா சாற்றுரை, குழந்தைக்குப் பெரியவர்கள் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சாசனம், குழந்தையையே உரிமை உடையவராகக் கண்டது. இலங்கை 1991 இலும் இந்தியா 1992 இலும் இதில் இணைந்தன. சாசனத்தின் கோட்பாடுகளைப் பெரியவர்கள் மட்டுமன்றிக் குழந்தைகளும் அறியச் செய்வது அரசின் கடமை என்று இதன் 42 ஆம் உறுப்புரை கூறுகிறது.

8 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இவ்வுரிமைகளை முழுமையாக உடையவர்கள் என்பதை, சாசனத்தைக் கண்காணிக்கும் குழு 2005 இல் வெளியிட்ட 7 ஆம் பொதுக் கருத்துரை தெளிவுபடுத்தியது. பேசத் தொடங்கும் முன்னரே குழந்தைகள் தம் விருப்பங்களைப் பல வழிகளில் தெரிவிக்கின்றனர் என்றும் அது சுட்டிக்காட்டியது.

முன்னோடி

போலந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான யானுசு கோர்ச்சாக், வார்சாவில் தாம் நடத்திய அனாதை இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அவர் மீதான முறையீடுகளும் அங்கு விசாரிக்கப்பட்டன. 1942 ஆகத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகளுடன் அவர் திரெப்ளிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவ்வில்லத்தின் குழந்தைகள் மழலையரை விட மூத்தவர்கள் எனினும், உரிமையைச் சொல்லித் தருவதை விட வாழ்ந்து பழகச் செய்வதே சிறந்தது என்னும் கருத்துக்கு அவரது பணி ஒரு முதன்மை எடுத்துக்காட்டு.

கற்பிக்கப்படுபவை

* பெயர் (உறுப்புரை 7): குழந்தையைப் பட்டப்பெயரால் கேலி செய்யாது சொந்தப் பெயரால் அழைத்தல்.
* பாகுபாடின்மை (உறுப்புரை 2): நிறம், மொழி, உடற்குறை முதலியவற்றால் எவரையும் விளையாட்டிலிருந்து விலக்காமை.
* கருத்து (உறுப்புரை 12): எந்தக் கதை, எந்தப் பாட்டு என்பதில் குழந்தைகளின் விருப்பத்தைக் கேட்டல்.
* பாதுகாப்பு (உறுப்புரைகள் 19, 34): பிடிக்காத தொடுதலுக்கு "வேண்டாம்" எனக் கூறவும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவும் பழக்குதல். உதவி தொலைபேசி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

தண்ணீர், வீடு, மிட்டாய், பொம்மைக் கார் போன்ற படங்களைத் தந்து, தேவை எது, ஆசை எது எனப் பிரிக்கச் செய்வது பரவலான வகுப்பறைப் பயிற்சி.

சொல்லும் செயலும்

உன் உடல் உன்னுடையது என்று கற்பித்த பின், உறவினருக்கு முத்தம் கொடுக்குமாறு வற்புறுத்தினால் குழந்தையின் மனத்தில் பதிவது வற்புறுத்தலே. அடித்து அடக்கும் வகுப்பறையில் உரிமைப் பாடல் பாடுவதும் இத்தகையதே. இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. ஆனால் அச்சட்டம் குழந்தை என வரையறுப்பது 6 முதல் 14 வயது வரையுள்ளோரையே. முன்பள்ளிக் குழந்தைகள் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

விமர்சனங்கள்

உரிமை பேசும் குழந்தை கீழ்ப்படியாது என்பது பொதுவான விமர்சனம். ஊஞ்சலில் தன் முறையைக் கேட்கும் குழந்தை, அடுத்தவரின் முறையையும் ஏற்கப் பழகுகிறது என்பது இதற்குத் தரப்படும் மறுமொழி. பெற்றோரின் வழிகாட்டும் பொறுப்பையும் சாசனத்தின் 5 ஆம் உறுப்புரை ஏற்கிறது.

தன்னைக் காக்கும் சுமையைக் குழந்தையின் மேலேயே ஏற்றும் ஆபத்து உண்டு என்பது மற்றொரு விமர்சனம். "வேண்டாம்" எனச் சொல்ல இயலாமற்போன குழந்தை தன்னையே குற்றவாளியாகக் கருதக்கூடும். ஆகவே, காப்பது பெரியவர்களின் கடமை என்பதையும், எப்போது சொன்னாலும் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே கற்பிப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* சிறுவர் உரிமை
* முன்பள்ளிக் கல்வி
* மனித உரிமைக் கல்வி