நாயோட ரோமமும் குன்னூர் எலிகளும்

இந்த எபிசோடை எங்க வீட்டு நாயிலிருந்து தொடங்குறேன். குன்னூர் பக்கத்துல ஒரு டீ எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். நாய் பேரு மணி. காலையில டீயில நனைச்ச வர்க்கி, மத்தியானமும் ராத்திரியும் வெள்ளைச் சோறும் மிச்ச ரசமும். வயிறு நிறைஞ்சதால அதுக்கு ஒரு குறையும் இல்லன்னு நினைச்சோம். மூணு வயசுலேயே ரோமம் முரடாகி, முதுகில் செதில் செதிலா உதிர ஆரம்பிச்சது. "மலைக்குளிரு, அப்படித்தான் இருக்கும்"னு அப்பா சொல்லிட்டார்.

கடைசியில ஒரு கால்நடை மருத்துவர் பார்த்தார். உண்ணி இல்லை, சொறியும் இல்லை. "இது என்னப்பா சாப்பிடுது?"ன்னு மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு பெரிய அத்தியாயம் எங்க ஊர்லயே நடந்ததுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியது. நாய்க்கடிக்கு ஊசி போடும் இடம் என்றுதான் ஊருக்கு அதைத் தெரியும். அங்கேயே 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், ஒற்றை அறையில் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராயத் தொடங்கினார்.

அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்று எலிகளை வைத்து நடந்தது. ஒரு கூட்டத்துக்குக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, பால், எப்போதாவது இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்கு ஏழை ஆங்கிலேயர் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்கரின், டப்பா இறைச்சி, வேகவைத்த காய், சர்க்கரை போட்ட டீ. முதல் கூட்டம் செழிப்பாக வளர்ந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு வளர்ச்சி குன்றியது, ரோமம் பளபளப்பை இழந்தது. கவனித்துக்கொண்ட ஆட்களையே கடிக்கப் பார்த்தன. அறுபதாவது நாள் வாக்கில் பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்றன. 1936-ல் லண்டன் சொற்பொழிவுகளில் மெக்காரிசன் இதையெல்லாம் விவரித்தார். ரொட்டியும் டீயும்னு படிச்சப்போ எனக்கு மணியோட வர்க்கிதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கதையில் நாய்களுக்கும் பங்கு உண்டு. பெல்லக்ரா என்பது மனிதருக்குத் தோல் கருகி உரியும் நோய். அதே குறைபாடு நாய்க்கு வந்தால் வாய் புண்ணாகி நாக்கு கறுக்கும். 1937-ல் அமெரிக்காவில் கான்ராட் எல்வெஹ்யம் அப்படிப்பட்ட நாய்களுக்கு நிகோடினிக் அமிலம் கொடுத்தார். அவை குணமாயின. மனிதருக்கான மருந்தும் அப்படித்தான் கிடைத்தது. குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. குன்னூரில் பணியாற்றிய சி. கோபாலன் அங்கே சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களின் பெல்லக்ராவை ஆராய்ந்தார். 1965-ல் அவரும் பவானி பெலவாடியும் சோள உணவு கொடுத்த நாய்களுக்கு நாக்கு கறுப்பதைக் காட்டினார்கள். நம்ம நோயைப் புரிஞ்சுக்க அந்த நாய்கள் வேதனைப்பட்டிருக்கு. அந்தக் கடன் நமக்கு உண்டு.

சரி, சோறு மட்டும் ஏன் போதாது? ரோமம் கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அது குறைந்தால் முடி மெலிந்து உதிரும். தோலின் ஈரத்தைக் காப்பது லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு. கொழுப்பே இல்லாத உணவு தின்ற நாய்களுக்கு ரோமம் வறண்டு, தோல் செதிலாக உதிர்வதை 1951-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். துத்தநாகம் குறைந்தாலும் தோல் பொருக்குத் தட்டும். ரசஞ்சோறு பசியைத்தான் அடக்கும், இதையெல்லாம் தராது.

மருத்துவர் சொன்னபடி மணிக்கு வேகவைத்த முட்டை, முள் எடுத்த மத்தி மீன், கொஞ்சம் கோழி ஈரல், அரை ஸ்பூன் எண்ணெய். வெங்காயம் நாய்க்கு விஷம் என்பதால் குழம்பை நிறுத்தினோம். மூணு மாசத்துல புது ரோமம் வந்தது. முடி வளர அவ்வளவு காலம் ஆகும், அவசரப்பட முடியாது.

உங்க நாய்க்கு அரிப்போ புண்ணோ இருந்தா முதல்ல மருத்துவரிடம் காட்டுங்க. எல்லாமே சாப்பாட்டால் வருவதில்லை. ஆனா அதோட தட்டையும் ஒரு தடவை பாருங்க. நாங்க மூணு வருஷம் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.