குரத்தியார் வளர்த்த சங்கம்

மாதர் சங்கம் என்பது மேனாட்டார் வழியாக வந்த புதுமை என்று நம்மவரிற் சிலர் எண்ணுகின்றனர். 1917-ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தையே அவர் முதற்சான்றாகக் காட்டுவர். அதன் பெருமையை நாம் மறுக்கின்றோமல்லோம். ஆயினும் மேல்சித்தாமூரைச் சூழ்ந்த நாட்டுக் கல்வெட்டுக்கள் அதனினும் பழைய வரலாறொன்றைக் கூறுகின்றன.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள இவ்வூர் தமிழ்ச் சமணரின் மடம் விளங்குமிடம் என்பதை நேயர்கள் அறிவர். இங்கு மல்லிநாதர் ஆலயப் பாறையில் தீர்த்தங்கரரோடு தருமதேவியின் உருவமும் செதுக்கப்பெற்றுள்ளது. பெண்ணைத் தேவியாக வணங்கிய அளவில் நம் முன்னோர் நின்றாரல்லர். ஆசிரியராகவும் ஏற்றுப் போற்றினர். அங்ஙனம் கற்பித்த பெண்துறவியர் குரத்தியார் எனப்பட்டனர். தென்பாண்டிக் கழுகுமலைக் கல்வெட்டுக்களிலும் இப்பெயர் பலவிடத்து வருகின்றது.

வந்தவாசிப் பக்கத்து வேடல் என்னும் ஊர் அக்காலத்தில் விடால் என வழங்கிற்று. ஆதித்த சோழனது 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கே பொறிக்கப்பெற்ற சாசனம் கனகவீரக் குரத்தியாரையும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரையும் குறிக்கின்றது. இவர்கட்கும் 400 பேர் கொண்ட மற்றொரு கூட்டத்தார்க்கும் பிணக்கு நேர்ந்தது. அப்போது ஊரார் குரத்தியாரையும் மாணாக்கியரையும் தாமே காத்து உணவளிப்பதாக ஏற்றுக் கல்லில் எழுதிவைத்தனர்.

இல்லறத்தாரும் பின்னிடவில்லை. போளூர் அருகே திருமலையில் குந்தவை ஜினாலயம் சோழர்குலப் பெண்ணின் பெயரால் நிற்கின்றது. இராஜேந்திர சோழனது 13-ஆம் ஆண்டில், வணிகன் மனைவியாகிய சாமுண்டப்பை அக்கோயிலில் நந்தாவிளக்கெரிய 20 காசு அளித்தாள். அரசி ஒருத்தி பெயராற் கோயில். வணிகன் மனைவி பொருளால் விளக்கு.

அன்பர்களே! அந்நாளையார் ஒரு பெண்ணின் 20 காசையும் மறவாது கல்லிற் பொறித்தனர். நாமோ திருப்பணிக்கு நகையைக் கழற்றித் தந்த பாட்டியரின் பெயரை ஏட்டிலும் எழுதினோமில்லை. நோன்புக் கதைகளை நாவிலும், ஓலைச் சுவடிகளைப் பரணிலும் காத்தவர் அவரே. அவர் மறையுந்தோறும் ஒரு நூல்நிலையம் அழிகின்றது. ஆதலின் ஊர்தோறும் மாதர் கூடி, மூத்தோர் சொற்கேட்டு எழுதிவைப்பாராக. அவர்க்கு வேண்டும் இடமும் பொருளும் உதவுதல் ஆடவர் கடன். விடாலூரார் கல்லில் எழுதித் தந்த வாக்கு நமக்கும் உரியதேயாம்.