கணுக்கால் இழுபட்டைப் பயிற்சி

கணுக்கால் இழுபட்டைப் பயிற்சி என்பது ரப்பராலோ மீள்தன்மையுள்ள துணியாலோ ஆன பட்டையைக் கணுக்கால்களில் மாட்டிக்கொண்டு, அதன் இழுப்பை எதிர்த்துக் கால்களை அசைத்து, இடுப்பு, பிட்டம், தொடை ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்தும் முறையாகும். கடைகளில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட், லூப் பேண்ட் என்ற பெயர்களில் கிடைக்கும் இப்பட்டை சட்டைப்பையில் அடங்கிவிடும். பத்தடி நீளத் தரை இருந்தால் வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். இயன்முறை மருத்துவத்தில் மறுவாழ்வுச் சாதனமாகப் பரவிய இது, பின்னர் விளையாட்டு வீரர்களிடமும் வீட்டு உடற்பயிற்சியிலும் இடம்பிடித்தது. கடினமான பட்டையைத் தேடி வாங்குவதால் மட்டும் பலன் கிடைத்துவிடாது. இடுப்பை ஆடாமல் நிறுத்துவதும், இழுத்த காலை மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவதுமே பயிற்சியின் உயிர்.

வகைகள்

வீட்டில் பயன்படும் பட்டைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது தட்டையான ரப்பர் வளையம். தரையில் விரித்து வைத்தால் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் இருக்கும். விலை குறைவு, நன்றாக நீளும். ஆனால் வியர்வை பட்டால் சுருண்டு, மெல்லிய கயிறாகித் தோலை அறுக்கும்.

இரண்டாவது துணி வளையம். நூலுக்கிடையே ரப்பர் இழைகளை ஊடுபாவாகச் சேர்த்து நெய்தது. சுருளாது, வழுக்காது. ஆனால் குறைவாகவே நீளும் என்பதால் தொடைக்கு ஏற்றது. அகலமாகக் கால் வைக்கும் பயிற்சிகளில் கணுக்காலுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

மூன்றாவது வெல்க்ரோ ஒட்டுள்ள கணுக்கால் உறையுடன் கூடிய ரப்பர்க் குழாய். இரண்டு கால்களையும் இணைக்கலாம்; அல்லது ஒரு முனையைக் கதவிடுக்கில் பொருத்தும் கொக்கியில் மாட்டி, ஒரு காலை மட்டும் இழுக்கலாம்.

நான்காவது, இயன்முறை மருத்துவர்கள் சுருளிலிருந்து வெட்டித் தரும் நீளமான தட்டைப் பட்டை. இதை வளையமாக முடிச்சிட்டால் காலை இரண்டு அடுக்குகள் இழுக்கும். அதே அளவு நீளும் ஒற்றை அடுக்கைவிட இழுப்பு இருமடங்காகும்.

கணுக்காலில் கட்டும் எடைப்பைகள் வேறு சாதனம். எடை எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். பட்டை எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். ஆகவே நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரிக்கும்போது தொடக்கத்தில் எடைப்பை ஏறக்குறைய எந்தத் தடையும் தராது. பட்டையோ இறுகத் தொடங்கும் இடத்திலிருந்தே எதிர்க்கும்.

பொருளும் வரலாறும்

இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் உடையும் இயல்புடையது. அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் நிலையான மீள்தன்மை வரும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்து, 1844இல் காப்புரிமை பெற்றார். வல்கனைசிங் எனப்படும் இம்முறை இல்லாமல் இழுத்து விடும் ரப்பர்ப் பயிற்சிக் கருவிகள் உருவாகியிருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவரில் மாட்டி இழுக்கும் ரப்பர்க் கயிற்றுக் கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. உடற்கட்டுக் கலையில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ தம் பெயரிலேயே அத்தகைய கருவிகளை விற்றார்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரைச் சேர்ந்த ஹைஜீனிக் நிறுவனம் 1978இல் தெரா-பேண்ட் என்ற பட்டையை அறிமுகப்படுத்தியது. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என நிறத்துக்கு நிறம் இழுப்பு படிப்படியாகக் கூடும் ஒழுங்கை அது பரப்பியது. இன்று பல நிறுவனங்கள் நிறக் குறியீட்டைப் பின்பற்றினாலும், ஒன்றின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒரே இழுப்புடையவை அல்ல. ஆகவே நிறத்தை நம்பாமல், உறையில் அச்சிட்டிருக்கும் கிலோ அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்பட்டைகளில் பல ரப்பர் மரத்தின் பாலிலிருந்தே செய்யப்படுகின்றன. பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுவரப்பட்ட அம்மரத்தின் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. தமிழ்நாட்டில் ரப்பர்ச் சாகுபடி கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறை போன்ற மலையடிவாரப் பகுதிகளிலேயே பெரும்பாலும் நடக்கிறது.

இயங்கும் விதம்

பட்டை நீள நீள இழுப்பு கூடும். எடுத்துக்காட்டாக, சிவப்பு நிறத் தெரா-பேண்டின் ஒற்றை அடுக்கு, தன் நீளத்தைப் போல் இருமடங்காக நீண்டால் ஏறத்தாழ 1.7 கிலோ இழுப்பைத் தரும். மும்மடங்காக நீண்டால் ஏறத்தாழ 2.5 கிலோ. எனவே காலை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோம் என்பதே சுமையைத் தீர்மானிக்கிறது.

பட்டையை மாட்டும் இடமும் சுமையை மாற்றும். கதவை விளிம்பில் தொட்டால் ஒரு விரலுக்கு அசையும், கீலருகே தள்ளினால் முழுக் கையும் வேண்டியிருக்கும். இடுப்பு மூட்டைக் கீலாகக் கொண்டால் முழங்கால் அதிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவிலும் கணுக்கால் 80 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன. ஒரே இழுப்பு கணுக்காலில் விழுந்தால், இடுப்புத் தசைகள் ஏறக்குறைய இருமடங்கு திருப்புவிசையை எதிர்கொள்ள வேண்டும். கால்களை ஒரே கோணத்தில் விரித்தாலும் முழங்கால்களைவிடக் கணுக்கால்களே அதிகம் விலகுகின்றன என்பதால் பட்டையும் கூடுதலாக நீள்கிறது. முழங்காலுக்கு மேலே எளிதாக இருந்த பட்டை கணுக்காலுக்கு இறங்கியதும் திணறடிப்பதற்கு இவ்விரண்டுமே காரணம்.

உழைக்கும் தசைகள்

இப்பயிற்சியின் முதன்மை இலக்கு இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் நடுப்பிட்டத் தசை. இது காலைப் பக்கவாட்டில் விரிக்கும். அதைவிட முக்கியமாக, ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்தும். இயல்பான நடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நேரம் நாம் ஏதாவது ஒரு காலில்தான் நிற்கிறோம். இத்தசை தளர்ந்தால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் தாழும். நோயாளியை ஒற்றைக்காலில் நிற்கவைத்து இச்சரிவைக் கண்டறியும் சோதனை, அதை 1895இல் விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க்கின் பெயரால் வழங்குகிறது.

பெரும்பிட்டத் தசை காலைப் பின்னுக்குத் தள்ளும். உட்கார்ந்த நிலையிலிருந்து எழவும் படியேறவும் உதவும். தொடையின் முன்தசைகள் முழங்காலை நீட்டும், பின்தசைகள் மடக்கும். இடுப்பின் முன்-வெளிப் பக்கத்தில் டென்சர் ஃபேஷியா லாட்டே என்ற சிறு தசை உள்ளது. பிட்டத் தசைகள் சோம்பும்போது இது அவற்றின் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். நல்ல பயிற்சி முறை, பிட்டத் தசைகளை முன்னிறுத்தி இச்சிறு தசையின் பங்கைக் குறைக்கும்.

ஆய்வு முடிவுகள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பட்டையை முழங்கால், கணுக்கால், பாதம் என மூன்று இடங்களில் மாட்டி நடக்கச் செய்து தசைகளின் மின்செயல்பாட்டை அளந்தது. பட்டை கீழே இறங்க இறங்கப் பிட்டத் தசைகளின் உழைப்பு கூடியது. பாதத்தில் மாட்டியபோது, முன்-வெளிச் சிறு தசையின் பங்கு கூடாமலே பிட்டத் தசைகள் அதிகம் உழைத்தன.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கணுக்காலில் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நடப்பதை நேராய் நின்றும் அரைக்குந்தலிலும் ஒப்பிட்டது. அரைக்குந்தலில் பிட்டத் தசைகள் கூடுதலாகவும் சிறு தசை குறைவாகவும் இயங்கின. அசையும் காலைவிடத் தரையில் ஊன்றிய காலின் பிட்டத் தசைகளே அதிகம் உழைத்தன என்பதும் தெரிந்தது. பயிற்சி செய்பவரின் கவனம் ஊன்றிய காலில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இழுபட்டைகளையும் வழக்கமான எடைக் கருவிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு, தசை வலிமை கூடுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு கூறியது.

முதியோரைப் பொறுத்தவரை நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் குறிப்பிடத்தக்கது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் தொடைத் தசைகளையும் வீட்டிலேயே கணுக்கால் எடைகளுடன் வலுப்படுத்தி, சமநிலைப் பயிற்சியும் நடையும் சேர்க்கும் இத்திட்டம், கீழே விழும் நிகழ்வுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதில் பயன்பட்டது எடையே, பட்டை அன்று. ஆனால் வீட்டில் செய்யும் எளிய காற்பயிற்சி ஒரு முதியவரைக் கீழே விழாமல் காக்கக்கூடும் என்பதை அது நிறுவியது.

அடிப்படைப் பயிற்சிகள்

பக்கவாட்டு நடை: பட்டையைக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்தால் பட்டை தொய்வின்றி இலேசாக இறுகும். முழங்கால்களைச் சற்று மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, அரைக்குந்தலில் நிற்க வேண்டும். வலப்பக்கம் நகர்பவர் இடக்காலால் தரையை அழுத்தி, வலக்காலை ஒரு சாண் தூரம் எடுத்து வைக்க வேண்டும். இப்போது பின்தங்கிய இடக்காலைப் பட்டை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்காமல், மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெல்லக் கொண்டுவந்து, பழைய இடைவெளியிலேயே நிறுத்த வேண்டும். பாதங்கள் ஒட்டினால் பட்டை தொய்ந்து தசைக்கு ஓய்வு கிடைத்துவிடும். முழங்கால் உள்ளே சரிவதும், மேலுடம்பு பக்கவாட்டில் ஆடுவதும், பாத விரல்கள் வெளிப்பக்கம் திரும்புவதும் பரவலான பிழைகள். பக்கத்துக்கு எட்டுப் பத்து அடிகள் போதும்.

நின்றபடி கால் விரித்தல்: ஜன்னல் கம்பியையோ சமையல் மேடையையோ பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பக்கவாட்டில் விரித்து மீட்பது. ஊன்றிய காலின் இடுப்புப் பக்கம் முதலில் களைத்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

பின்னுதைப்பு: வயிற்றை இறுக்கி, முழங்காலை மடக்காமல் காலைப் பின்னால் கொண்டுபோவது. இடுப்பு மூட்டு பின்பக்கம் 10 முதல் 20 பாகை வரையே இயல்பாகத் திரும்பும். அதற்கு மேல் கால் உயர்ந்தால் வளைவது கீழ்முதுகுதான்.

ஒருக்களித்துக் கால் தூக்கல்: பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது. விரல்கள் கூரையைப் பார்க்காமல் முன்னோக்கி இருக்க வேண்டும். கால் உடலின் நேர்கோட்டுக்குச் சற்றே பின்னால் இருந்தால் பிட்டத் தசை நன்கு இயங்கும்.

குதிகால் மடக்கல்: வளையத்தின் ஒரு பக்கத்தை ஊன்றிய பாதத்தால் மிதித்து, மறுபக்கத்தை மற்றக் கணுக்காலில் மாட்டி, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்குவது. பின்தொடைத் தசைகளுக்கு உரியது.

முழங்கால் நீட்டல்: கனமான நாற்காலியில் அமர்ந்து, நீண்ட பட்டையை நாற்காலியின் பின்காலில் கட்டிக் கணுக்காலில் மாட்டி, காலை நீட்டுவது. முழங்கால் வலியால் குந்த முடியாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

பயிற்சி அளவு

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதே பரிந்துரை 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சிகளைச் செய்யச் சொல்கிறது.

ஐந்து நிமிட நடையால் உடலைச் சூடேற்றிய பின், பயிற்சிக்கு 10 முதல் 15 முறை வீதம் இரண்டு சுற்றுகள் செய்யலாம். கடைசி இரண்டு மூன்று முறை கடினமாகவும், அதே சமயம் நிலை குலையாமலும் இருந்தால் பட்டை பொருத்தமானது. 15 முறையும் எளிதானால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். முதலில் முழங்காலுக்கு மேலே மாட்டிப் பழகி, பிறகு கணுக்காலுக்கு இறக்குவது நல்லது. அடுத்த பயிற்சிக்கு முன் ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

எச்சரிக்கை

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்களுக்குப் பட்டை இறுகுவதோ தோல் உரிவதோ தெரியாமல் போகலாம். அவர்கள் நீளமான காலுறை அணிந்து, பயிற்சிக்குப் பின் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் நரம்பு முடிச்சால் புண் உள்ளவர்களும், காலில் இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கணுக்காலில் பட்டை மாட்டக்கூடாது. இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் எந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணுக்காலில் விழும் பக்கவாட்டு இழுப்பு முழங்காலையும் திருகும். அங்கே லிகமெண்ட் காயம் உள்ளவர்களுக்குத் தொடையே பாதுகாப்பான இடம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் கலக்காத பட்டை வாங்க வேண்டும்.

வெறும் காலுறையுடன் டைல்ஸ் தரையில் பயிற்சி செய்தால் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம். கொலுசையும் மெட்டியையும் கழற்றி வைக்க வேண்டும். கொலுசின் திருகாணி ரப்பரைக் கீறும், பட்டை இறுகும்போது தோலையும் கிழிக்கும்.

பராமரிப்பு

வெயில், வெப்பம், எண்ணெய் மூன்றும் ரப்பருக்குப் பகை. தேங்காயெண்ணெய் தடவிய காலில் ரப்பர்ப் பட்டையை மாட்டக்கூடாது. இலேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தி, சிறிது டால்கம் பவுடர் தூவினால் ஒட்டாமல் இருக்கும். ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் முகத்துக்கு விலக்கிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே இலேசாக நீட்டிப் பார்க்க வேண்டும். ஊசிமுனைத் துளையோ, ஓரத்தில் கீறலோ, வெளுத்த வெடிப்புக் கோடோ தென்பட்டால் அந்தப் பட்டையை அன்றே தூக்கி எறிய வேண்டும். இழுக்கும்போது அறுந்தால் கண்ணில் தெறிக்கலாம். தன் நீளத்தைப் போல் மும்மடங்குக்கு மேல் பட்டையை நீட்டாமல் இருப்பதும் அறுபடும் வாய்ப்பைக் குறைக்கும்.

வரம்புகள்

கணுக்கால் பட்டை இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்குச் சிறந்த கருவி. பெரும்பிட்டத் தசைக்கும் தொடையின் முன்தசைகளுக்கும் அது தனியே போதாது. உடல் எடையைத் தாங்கி எழும் குந்தல், படியேற்றம் போன்றவையும் தேவை. இழுப்பைத் துல்லியமாக அளக்க முடியாததால், முன்னேற்றத்தைப் பட்டையின் நிறத்தோடு முறைகளின் எண்ணிக்கையையும் குறித்துவைத்தே அறிய வேண்டும். மூச்சும் இதயமும் வலுப்பெற வேக நடை போன்ற பயிற்சி தனியே வேண்டும். இவற்றோடு சேர்த்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகச் செய்பவருக்கே இந்தச் சிறு பட்டை முழுப் பலனைத் தரும்.