27 பேரில் ஒருவர்

ஆசிரிய நண்பர்களே, 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற தன் 21 உறுப்பினர்களை பிரிட்டனின் ஆளுங்கட்சி வெளியே தள்ளியது நினைவிருக்கும். நம்ம பிள்ளைகளுக்கு அது தூரத்துச் செய்தி. சிராங்கூன் சாலையில் 80 வயதைத் தாண்டிய பெரியவர் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். இங்கேயும் அப்படி ஒரு ராத்திரி வந்தது.

1961 ஜூலை 20. மலாயாவோடு எப்படி இணைவது என்ற சண்டையில் மக்கள் செயல் கட்சி பிளவுபட்டுக் கிடந்தது. ஹாங் லிம், ஆன்சன் இடைத்தேர்தல்களில் கட்சி தோற்றிருந்தது. பிரதமர் லீ குவான் இயூ தாமே சட்டமன்றத்தில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். பேச்சு விடிய விடிய நடந்தது. உடல்நலமில்லாமல் மருத்துவமனையில் படுத்திருந்த சிக்லாப் உறுப்பினர் சாஹோரா அகமதை ஆம்புலன்சில் கூட்டி வந்தார்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 8. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய 16 பேரில் 13 பேர் சொந்தக் கட்சிக்காரர்கள்! அந்தம்மா வராதிருந்தால் 26தான். 51 பேர் கொண்ட சபையில் பாதியைத் தாண்ட அதுவே கடைசி எண்.

விலகியவர்கள் பாரிசான் சோசியலிஸ் கட்சியில் சேர்ந்தார்கள். அடுத்த ஜூலையில் ஹோ புவே சூவும் போக, ஆளுங்கட்சியிடம் 25 பேரே மிச்சம்.

1962 செப்டம்பர் 1 பொதுவாக்கெடுப்பில் சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணைப்புதான், 'வேண்டாம்' என்பதற்கு இடமில்லை. வெற்றுச்சீட்டு போடச் சொன்னது பாரிசான். நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அப்படியே போட்டார்கள். பிரிட்டனின் 2016 சீட்டில் இருப்பதா, விலகுவதா என்ற இரண்டே வழிகள். இரண்டு சீட்டையும் பலகையில் அருகருகே எழுதிவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.