குறைந்த செலவில் சூழொலிப் பதிவு: புனே நகரின் ஓசைகளோடு தொடங்குவது எப்படி?

புனே: ஹெட்போன் அணிந்து கேட்பவருக்கு, மேளக் குழு ஒன்று இடப்புறமிருந்து நெருங்கி வந்து, முன்னே கடந்து, வலப்புறமாக அகன்று செல்வதுபோன்ற உணர்வை அளிக்கும் ஒலிப்பதிவு 'சூழொலிப் பதிவு' எனப்படுகிறது. இதற்குப் பெரிய ஒலிக்கூடமும் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவிகளும் தேவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எனினும், இதன் எளிய வடிவமான இருசெவிப் பதிவை இரண்டு சிறிய ஒலிவாங்கிகள், கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, ஹெட்போன் ஆகியவற்றைக் கொண்டே தொடங்க இயலும்.

பிரபாத் திரைப்பட நிறுவனம் இயங்கிய வளாகத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம் புனேயில் உள்ளது. அங்கு ஒலிப்பதிவு தனிப் பாடப்பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட ரசூல் பூக்குட்டி அங்கு பயின்றவரே. அத்தகைய படிப்பில் சேர வாய்ப்பில்லாதவர்களுக்கு நகரமே பயிற்சிக் களமாக அமைகிறது. வேதாள் டேக்டி குன்றில் விடியற்காலையில் கேட்கும் மயில் அகவல் முதல் விநாயகர் ஊர்வலத்தின் டோல்-தாஷா முழக்கம் வரை, மிக மெல்லிய ஓசையும் மிக உரத்த ஓசையும் இங்கு ஒருசேரக் கிடைக்கின்றன. தொடக்கநிலையினர் கருவி வாங்குவதில் தடுமாறுவதும் இந்த இடைவெளியினால்தான்.

இரு செவிகளின் கணக்கு

மனிதரின் இரு செவிகளுக்கும் இடையே ஏறத்தாழ 17 முதல் 18 சென்டிமீட்டர் தொலைவு உள்ளது. ஒருபுறமிருந்து வரும் ஓசை மறுபுறச் செவியை அடைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. தலை இடையில் மறிப்பதால் அந்தச் செவியில் ஓசை சற்று மங்கியும் கேட்கிறது. செவிமடலின் மடிப்புகளோ மேல், கீழ், முன், பின் என்ற வேறுபாட்டை உணர்த்துகின்றன. இந்தக் குறிப்புகளை அப்படியே பதிவு செய்து இரு செவிகளுக்கும் தனித்தனியே வழங்குவதே இருசெவிப் பதிவின் அடிப்படை. 1881-இல் பாரிஸ் கண்காட்சியில் கிளெமென்ட் அடேர், இசை நாடக அரங்கின் ஓசையை இரண்டு தொலைபேசிக் குழல்கள் வழியே இரு செவிகளுக்கும் அளித்தபோதே இந்த அனுபவம் மக்களுக்கு அறிமுகமாகிவிட்டது.

தொழில்முறையில் இதற்குச் செயற்கைத் தலை பயன்படுத்தப்படுகிறது. நியூமன் நிறுவனத்தின் 'கேயு 100' போன்றவற்றின் விலை பல லட்சம் ரூபாய். குறைந்த செலவில் தொடங்குவோருக்கு இரு வழிகள் உள்ளன. சட்டைப் பித்தானைவிடச் சிறிய இரண்டு எலக்ட்ரெட் ஒலிவாங்கிகளைப் பதிவு செய்பவரே தமது செவிகளின் வாயிலில் கொக்கி கொண்டு அணிந்துகொள்வது ஒரு வழி. செவித்துளைக்குள் அவற்றைத் திணிக்கக் கூடாது. இம்முறையில் தலையைத் திருப்பினால் பதிவில் ஊர் முழுவதுமே சுழல்வதுபோலத் தோன்றும். எச்சில் விழுங்கும் ஓசைகூடப் பதிவாகும் என்பதால் அசையாது நிற்கப் பழகுவது அவசியம்.

மற்றொன்று, சுவிட்சர்லாந்து ஒலிப் பொறியாளர் யூர்க் யெக்லின் வகுத்த தட்டு முறை. சுமார் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பலகையின் இருபுறமும் நுரைத் தாளோ தடித்த கம்பளித் துணியோ ஒட்டி, அதன் இரு பக்கங்களிலும் 16.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒலிவாங்கிகளைப் பொருத்த வேண்டும். பலகை தலையின் பணியைச் செய்துவிடுகிறது. தச்சரிடம் ஒட்டுப்பலகையை வட்டமாக அறுத்துப் பெற்றாலே போதுமானது. செவிமடல் இல்லாததால் மேல், கீழ் உணர்வு குறைவுதான். ஆயினும் இதில் பதிவானதை ஒலிபெருக்கியிலும் இயல்பாகக் கேட்க முடிவது பெரும் நன்மை.

கைப்பேசியில் பொருத்தினால் என்ன?

புதியவர்கள் பலர் ஏமாறும் இடம் இது. கைப்பேசியின் ஹெட்செட் துளை பொதுவாக ஒரே ஒரு ஒலிவாங்கித் தடத்தையே ஏற்கும். இரண்டு ஒலிவாங்கிகளை இணைத்தாலும் இடம், வலம் என்ற பிரிவு பதிவாகாது. ஆகவே, ஸ்டீரியோ ஒலிவாங்கி உள்ளீடும் அத்துளை வழியே மெல்லிய மின்சாரம் வழங்கும் வசதியும் கொண்ட பதிவுக் கருவியே முதல் தேவை. ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் போன்ற சிறு கருவிகளில் இவ்வசதி உண்டு. பழைய கருவியாக வாங்கினால் செலவு மேலும் குறையும்.

பதிவைத் தொடங்குமுன் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அது மெல்லிய ஓசையை உயர்த்தி, உரத்த ஓசையைத் தாழ்த்தி, அருகு, தொலைவு என்ற வேறுபாட்டையே அழித்துவிடும். வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்வது நன்று. மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி இருக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். பட்ஜெட்டில் சிறு தொகையையேனும் செயற்கை ரோமம் கொண்ட காற்றுத் தடுப்பு உறைக்கு ஒதுக்குவது கட்டாயம். குன்றின் மீது வீசும் இளங்காற்றுகூட, உறையில்லாத ஒலிவாங்கியில் இடிமுழக்கமாகவே பதியும்.

முழக்கமும் மௌனமும்

லட்சுமி சாலையில் நடைபெறும் விநாயகர் சிலை கரைப்பு ஊர்வலத்தின் ஒலியளவை, புனே பொறியியல் கல்லூரி (தற்போது சிஓஇபி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர். பெருந்தொற்றுக் காலமான 2020-இல் சுமார் 60 டெசிபெல்லாகத் தாழ்ந்த சராசரி, 2022-இல் 100 டெசிபெல்லைக் கடந்தது. குடியிருப்புப் பகுதிகளுக்கு ஒலி மாசு விதிகள்-2000 வகுத்துள்ள பகல்நேர வரம்பு 55 டெசிபெல் மட்டுமே.

அமைதியான இடங்களுக்கு ஏற்ற, இரைச்சல் குறைந்த சிறு ஒலிவாங்கிகள் மேளத்தின் அருகே திணறிவிடும். '32 பிட் ஃபுளோட்' வசதியுள்ள பதிவுக் கருவியில் ஒலி சிதையவே சிதையாது என்ற விளம்பரத்தை இங்கு முழுமையாக நம்ப இயலாது. ஒலிவாங்கியே தனது எல்லையைக் கடந்து சிதைந்துவிட்டால், எந்தக் கருவியாலும் அதனை மீட்க முடியாது. ஒலிவாங்கி தாங்கும் உச்ச ஒலி அழுத்தத்தை விவரத்தாளில் பார்த்து வாங்குவதும், ஊர்வலத்தில் சில மீட்டர் விலகி நிற்பதுமே தீர்வு. தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டி காற்றோசையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டோல் மேளத்தின் அடிநாதமும் அதனோடு போய்விடும்.

பதிவு செய்பவரின் செவிக்கும் வரம்பு உண்டு. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி, 100 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 15 நிமிடங்களுக்கு மேல் இருப்பது பாதுகாப்பானதன்று. செவிவாயிலில் அணியும் ஒலிவாங்கியோடு செவி அடைப்பானையும் பொருத்துவது கடினம் என்பதால், ஊர்வலத்துக்குத் தட்டு முறையே உகந்தது.

அடுத்த படி

கேட்பவர் தலையைத் திருப்பும்போது ஒலிக்களமும் அதற்கேற்ப மாற வேண்டுமெனில் ஆம்பிசோனிக்ஸ் முறை தேவைப்படும். 1970-களில் பிரிட்டனின் மைக்கேல் கெர்சன் உள்ளிட்டோர் உருவாக்கிய இம்முறையில், நான்முகி வடிவில் அமைந்த நான்கு ஒலிவாங்கிகள் எல்லாத் திசைகளையும் பதிவு செய்கின்றன. 2018-இல் வெளிவந்த ஜூம் எச்3-விஆர் இவ்வகையில் விலை குறைந்த கருவிகளுள் ஒன்று. இவற்றைத் தொகுக்க, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ஐஇஎம் மென்பொருள் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ரஜினிகாந்த் நடித்த 'சிவாஜி 3டி' வழியே 2012-இல் தமிழ்த் திரையரங்குகளுக்கு வந்த டால்பி அட்மாஸ் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் ஓசைகள் பெரும்பாலும் பதிவுக்குப் பின் கலவைக்கூடத்திலேயே திசைப்படுத்தப்படுகின்றன.

அனுமதி பெறுவதிலும் கவனம் தேவை. ஜங்லி மகாராஜ் சாலையிலுள்ள பாதாளேஷ்வர் குடைவரைக் கோயில் போன்ற, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தாங்கி நிறுத்திப் பதிவு செய்ய முன் அனுமதி பெற வேண்டும். 1953 முதல் நடைபெறும் சவாய் கந்தர்வ விழா போன்ற கச்சேரிகளைக் கலைஞர்களின் இசைவின்றிப் பதிவு செய்வது, பதிப்புரிமைச் சட்டம் வழங்கும் நிகழ்த்துநர் உரிமையை மீறுவதாகும். செவியில் அணியும் ஒலிவாங்கி பார்ப்பதற்குச் சாதாரண இயர்போன் போலவே இருக்கும். அருகில் நிற்போரின் உரையாடல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பதிவாகும் என்பதால், மகாத்மா புலே மண்டி போன்ற சந்தையில் பதிவு செய்பவர் சுற்றியுள்ள கடைக்காரர்களிடம் அதனை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.